உங்க கொள்ளுத்தாத்தா பேர் தெரியுமா? பழைய பத்திரம், கல்லறை, மொய் நோட்டு... மூதாதையரைத் தேடுவது எப்படி? முழு விவரம்!

அப்பா பேர்? தெரியும். தாத்தா பேர்? தெரியும். தாத்தாவோட அப்பா பேர்? இங்கதான் நம்மில் பலர் யோசிக்க ஆரம்பிப்போம். அந்தத் தாத்தாவோட அம்மா பேர் என்னன்னு கேட்டா, வீட்டில் ஒருத்தருக்குமே தெரியாமல் இருக்கலாம்.

2025 இறுதியில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் நடந்தபோது, பல வீடுகளில் 2002, 2005 பட்டியல்களைத் திறந்து அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயர்களைத் தேடினார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு பெயரைத் தேடவே அவ்வளவு பாடு. நூறு வருஷத்துக்கு முந்தைய பெயரைத் தேட முடியுமா?

முடியும். ஆனால் வரிசையாகப் போகணும். எங்கே தொடங்குவது, எந்தப் பதிவேட்டில் என்ன கிடைக்கும், எங்கே ஏமாறுவோம்? பார்க்கலாம்.

முதல் ஆவணம் வீட்டில்தான் இருக்கு

ஆவணக் காப்பகத்துக்குப் போவதற்கு முன்னாடி, குடும்பத்திலேயே வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் உட்காருங்க. பதிவேடு அடுத்த வருஷமும் அலமாரியில் இருக்கும். 85 வயசு பாட்டியோட ஞாபகம் இருக்குமா என்பது நிச்சயமில்லை.

"நம்ம வம்சத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால் "என்னத்தப்பா சொல்ல" என்றுதான் பதில் வரும். சின்னச் சின்னதா கேளுங்க. சின்ன வயசுல எந்த ஊர்ல இருந்தீங்க? உங்க அப்பாவோட கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்? யார் யாருக்கு எந்த ஊர்ல பொண்ணு கொடுத்தாங்க? குலதெய்வம் கோவிலுக்கு எந்த ஊர் வழியா போவீங்க?

போனில் ரெக்கார்டு போட்டுக்கலாம், அவரிடம் சொல்லிவிட்டு. பழைய போட்டோ ஒன்றை கையில் கொடுத்துப் பேச வைத்தால் இன்னும் நிறைய வரும்.

வருஷம் தெரியலையா? இப்படிக் கேளுங்க

பெரியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள், சம்பவம் சொல்வார்கள். அதை வருஷமாக மாற்றுவது நம்ம வேலை.

* "எம்டன் குண்டு போட்டப்ப" என்றால் 1914 செப்டம்பர்.
* "தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போன வருஷம்" என்றால் 1964 டிசம்பர்.
* "அண்ணா செத்தப்ப நீ கைக்குழந்தை" என்றால் 1969 பிப்ரவரி.

ஓலை ஜாதகத்திலும் பழைய பத்திரத்திலும் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். இந்தப் பெயர்கள் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். 'தாது' என்று இருந்தால் 1876, 1936, 1996 ஆகிய மூன்றில் ஒன்று. சுமார் வயது தெரிந்தால் எது என்று முடிவு செய்துவிடலாம். பெரும் பஞ்சத்தை 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வதும் அந்த 1876-ஐ வைத்துத்தான்.

வருவாய்த்துறை ஆவணங்களில் 'பசலி' என்று ஓர் எண் இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். பசலி 1340 என்றால் 1930 ஜூலை முதல் 1931 ஜூன் வரை.

மொய் நோட்டை தூக்கிப் போடாதீங்க

வீட்டுப் பரணில் இருக்கும் பழைய மொய் நோட்டு ஒரு முக்கியமான ஆவணம். கல்யாணத்துக்கு வந்தவர் பெயர், ஊர், தொகை எல்லாம் அதில் இருக்கும். அடுத்தடுத்த விசேஷங்களில் ஒரே ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஊரில் நமக்கு உறவு இருந்திருக்கு என்று அர்த்தம்.

இதே மாதிரி பார்க்க வேண்டியவை: பழைய கல்யாணப் பத்திரிகை, காரியப் பத்திரிகை, ஜாதக நோட்டு, பள்ளி டி.சி., எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் கார்டு, போட்டோவின் பின்பக்கம். காரியப் பத்திரிகையில் மகன்கள், மகள்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று ஒரு குடும்பமே வரிசையாக இருக்கும்.

திதி, தர்ப்பணம் கொடுக்கும் வீடுகளில் இன்னொரு வழியும் இருக்கு. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தப் பெயர்களை எழுதி வைத்திருக்கும் சித்தப்பா, பெரியப்பா யாராவது இருப்பார்கள். கேட்டுப் பாருங்க.

குலதெய்வம் கோவிலில் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டும் முக்கியம். எந்தெந்த வீடுகள் பங்காளிகள், யார் எந்த ஊருக்குக் குடிபோனார்கள் என்பது அதில் தெரியும்.

அரசுப் பதிவேடுகளில் என்ன கிடைக்கும்?

பத்திரம்: தேடலில் அதிகம் கை கொடுப்பது இதுதான். பழைய கிரயப் பத்திரங்களில் 'இந்த ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று எழுதியிருப்பார்கள். ஒரே வரியில் இரண்டு தலைமுறையும் ஊரும் கிடைத்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரம் என்றால் அண்ணன் தம்பி எல்லோரும் வந்துவிடுவார்கள். நான்கு எல்லை எழுதும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரையும் கவனிங்க, அது பெரும்பாலும் பங்காளியாகவே இருக்கும்.

1975-க்குப் பிறகான வில்லங்கச் சான்றை பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கணும்.

நில ஆவணம்: இன்றைய பட்டா, 'அ' பதிவேடு ஆன்லைனில் இருக்கு. பழைய செட்டில்மென்ட் பதிவேடுகளுக்கு தாலுகா அலுவலகம் அல்லது கலெக்டர் அலுவலக ஆவண அறையில் மனு செய்யணும். பழைய ஆவணத்தில் உள்ள சர்வே எண்ணும் இன்றைய எண்ணும் ஒன்றாக இல்லாமல் போகலாம். 1979-க்குப் பிறகு நடந்த யு.டி.ஆர். பணியில் பட்டா விவரங்கள் புதிதாக எழுதப்பட்டன. அதனால் ஒப்பீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்க.

பிறப்பு, இறப்பு பதிவு: மெட்ராஸ் மாகாணத்தில் 1899-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1969-ம் ஆண்டு மத்திய சட்டம். ஆனால் கிராமத்தில் வீட்டிலேயே நடந்த பிரசவங்கள் பல பதிவாகவே இல்லை. பல பதிவுகளில் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருக்கும். குழந்தையின் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது, அப்பா பெயரையும் ஊரையும் வைத்துத் தேடணும்.

எழும்பூர் ஆவணக் காப்பகம்: 1909-ல் தொடங்கிய மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்தான் இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முன்னோர் அரசு வேலை, இனாம் நிலம், ஜமீன் என்று ஏதாவது தொடர்பில் இருந்திருந்தால் இங்கே தேடலாம். சும்மா பெயரை மட்டும் சொன்னால் எடுத்துக் கொடுக்க முடியாது. துறை, மாவட்டம், ஆண்டு இந்த மூன்றும் தெரிஞ்சா வேலை சுலபம்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு: பலர் நினைப்பது போல இது உதவாது. இங்கிலாந்து, அமெரிக்காவில் பழைய கணக்கெடுப்பில் தனிநபர் பெயரையே தேடலாம். இந்தியாவில் 1948-ம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம்.

கல்லறை பேசும்... ஆனா எல்லோருக்கும் இல்லை

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கல்லறைத் தோட்டமும் ஆலயப் பதிவேடும் பெரிய துணை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவரின் முழு வாழ்க்கையும் தெரியும். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும், அவர்கள் நெருங்கிய உறவாகவும் இருக்கலாம்.

சென்னை கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680-ல் திறக்கப்பட்டது. ராபர்ட் கிளைவ் 1753-ல் திருமணம் செய்துகொண்டது இங்கேதான். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் முன்னோரைத் தேட, மெட்ராஸ் மாகாண ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கு. மெட்ராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-லேயே ஒரு புத்தகம் வெளியிட்டிருக்கார். இன்று சிதைந்துபோன கல்லில் என்ன எழுதியிருந்தது என்று அதில் பார்க்கலாம்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத் நிக்காஹ் பதிவேடும், பழைய கபர் கற்களும் உதவும்.

இந்துக் குடும்பங்களில் எரிக்கும் வழக்கம் இருப்பதால் கல்லறை கிடைப்பது குறைவு. அதுக்குப் பதிலா கோவிலைப் பாருங்க. படிக்கல், மணி, குத்துவிளக்கு, டியூப் லைட் வரைக்கும் 'உபயம்' எழுதுவது நம்ம ஊர் வழக்கம்! பழைய உபயக் கல்லில் பெயர், அப்பா பெயர், ஊர், வருஷம் எல்லாம் இருக்கலாம்.

முன்னோர் யாராவது உலகப் போரில் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். உடல் கிடைக்காதவர்கள், எரியூட்டப்பட்டவர்கள் பெயரும் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டிருக்கு. சென்னை நந்தம்பாக்கத்திலும் ஒரு போர்க் கல்லறை இருக்கு.

கப்பல் ஏறிப் போனவங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. 1911 வரை சுமார் 1.52 லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அதில் பெரும்பாலானோர் மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு அல்லது மச்சம், கிராமம், தாலுகா, ஜில்லா என எல்லாம் எழுதியிருக்கு. ஆளை அடையாளம் வைக்க அன்று எழுதிய குறிப்புதான், இன்று பேரப்பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டிக் கொடுக்குது.

சிக்கல் என்னன்னா, காதில் கேட்டதை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி 'மூன்சாமி' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். ஊர்ப் பெயரும் அப்படித்தான். அன்றைய வடஆற்காடு ஜில்லா இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்து கிடக்கு. ஒரு பகுதி ஆந்திராவிலும் இருக்கு.

மொரீஷியஸ் பதிவுகள் அங்கே மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கு. பலருக்கு அந்தக் காலத்துப் புகைப்படமே கிடைக்கும். ஃபிஜிக்கு மெட்ராஸிலிருந்து 1903 முதல் கப்பல் போனது. ஒவ்வொருவருக்கும் கொடுத்த குடியேற்றச் சீட்டு பாதுகாக்கப்பட்டிருக்கு.

இலங்கை, மலேயா போனவர்களைத் தேடுவது கஷ்டம். கங்காணிகள் வழியாகப் போனதால் தனித்தனி ஒப்பந்தச் சீட்டு கிடைக்காது. ஆனால் கங்காணி பெரும்பாலும் தன் ஊர், தன் உறவுக்குள்ளேயே ஆள் சேர்த்தார். கங்காணி எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய குடும்பங்கள், அப்போது கொடுத்த குடும்ப அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்க.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஆர்வம் மட்டும் இல்லை. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் எனப்படும் ஓ.சி.ஐ. அட்டை பொதுவாகக் கொள்ளுப்பேரன் தலைமுறை வரைதான் கிடைக்கும். மொரீஷியஸில் ஏழாவது தலைமுறைக்கும் தருவதாக 2024-ல் இந்தியா அறிவித்தது. அதற்கு முன்னோரின் பெயர் ஏதாவது ஒரு காகிதத்தில் இருந்தாகணும்.

பாட்டிகள் பெயர் எங்கே போச்சு?

தேடத் தொடங்கியதும் ஒன்று புரியும். தாத்தாக்கள் கிடைப்பார்கள், பாட்டிகள் கிடைக்க மாட்டார்கள். பல ஆவணங்களில் 'இன்னார் மனைவி', 'இன்னார் தாயார்' என்பதோடு முடிந்துவிடும். பட்டாவில் இருக்காது, பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார், இனிஷியலிலும் வர மாட்டார்.

பாட்டி பெயருக்குப் பார்க்க வேண்டிய இடங்கள்: தான செட்டில்மென்ட் பத்திரம், இறப்புப் பதிவு, பழைய வாக்காளர் பட்டியல், ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பட்டியல். இன்னொரு எளிய வழி, பேத்திகளின் பெயர். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது நம்ம வழக்கம். ஒரே பெயர் மூன்று சித்தப்பா வீட்டிலும் இருந்தால், அது யார் பெயர் என்று கேளுங்க.

இங்கெல்லாம் உஷார்!

* ஒரே பெயர், ஒரே ஊர் என்பதால் அவர் நம் முன்னோர் ஆகிவிட மாட்டார். அப்பா பெயர், மனைவி பெயர், நிலம் என்று இன்னும் இரண்டு விஷயமாவது ஒத்துப் போகணும்.
* "நாங்க ஜமீன் பரம்பரை" என்ற கதை பல வீட்டில் உண்டு. கதையை அப்படியே எழுதி வைங்க, ஆனால் 'சொன்னது யார்' என்றும் பக்கத்தில் எழுதுங்க. ஆவணம் கிடைக்கும் வரை அது கதைதான்.
* பழைய பத்திரத்தில் தாத்தா பேர் இருக்கு என்பதால் மட்டும் அந்த நிலம் நமக்கு வந்துவிடாது. அது தனிச் சட்ட விஷயம்.
* மரபணுப் பரிசோதனை உறவு இருக்கா என்று சொல்லும், கொள்ளுத்தாத்தா பேரைச் சொல்லாது.
* உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரியை வம்சாவளி இணையதளங்களில் போடாதீங்க.
* இரண்டாம் கல்யாணம், தத்து, சின்ன வயசிலேயே இறந்த குழந்தைகள் என்று வீட்டில் பேசாத விஷயங்களும் வெளியே வரும். அது யாருடைய வலி என்று யோசித்துவிட்டு, அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க.

இன்றைக்கே என்ன செய்யலாம்?

ஒரு தாளில் உங்க பெயரை எழுதுங்க. மேலே அப்பா, அம்மா. அதற்கு மேலே நான்கு பேர். அதற்கு மேலே எட்டுப் பேர். கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி தலைமுறையில் எல்லோருக்குமே எட்டுக் கட்டம்தான்.

எத்தனை கட்டம் காலி என்று பாருங்க. அதை எடுத்துக்கிட்டு, வீட்டில் மூத்தவர் யாரோ அவருக்கு இன்று ராத்திரியே ஒரு போன் போடுங்க. பத்திர ஆபீஸ் திங்கட்கிழமை திறந்தால் போதும்.