கட்டுச்சோறும் கடவுச்சீட்டும்

யமன் நாட்டவர் சிலர் வழியுணவின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவர். தாங்கள் அல்லாஹ்வையே சார்ந்திருப்பதாகக் கூறுவர். மக்கா வந்ததும் பிறரிடம் கையேந்துவர். பயணத்திற்கு வேண்டியவற்றைச் சித்தப்படுத்திக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இவ்வேளையில் அருளப்பட்டதென இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். ஆயத்தமின்றிப் புறப்படுவது தவக்குல் ஆகாது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

அன்று அந்த ஆயத்தம் கட்டுச்சோறாக இருந்தது. பின்னர் அதனுடன் தாள்களும் சேர்ந்தன. 1865இல் மக்காவில் காலரா பரவியபின், ஹாஜிகளின் கப்பல்கள்மீது உலகநாடுகளின் கண் விழுந்தது. 1882இல் உதுமானிய அரசு செங்கடலின் கமரான் தீவில் தொற்றுத்தடுப்பு முகாம் அமைத்தது. பம்பாயிலிருந்து சென்ற ஹாஜிகள் அங்கே இறங்கிச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே ஜித்தா செல்ல இயன்றது. சேருமிடத்தின் விதிகளோடு இடைவழியின் விதிகளையும் அறிந்திருக்க வேண்டிய நிலை அன்றே தோன்றிவிட்டது.

நம் இலத்தூரைச் சூழ்ந்த தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்துக்கு இவ்வரலாறு அயலானதன்று. நெசவு நலிந்த காலத்தில் இங்கிருந்து முஸ்லிம்கள் பலர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றுமளவுக்கு அங்கே அவர்கள் வேரூன்றினர். மேல்தளப் பயணிகளை ஜெரெஜாக் தீவிலும் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தடுத்துவைக்கும் நோய்ச்சோதனை இருந்தபோதிலும், பிரிட்டிஷ் குடிகளாகிய அவர்களுக்குக் கதவு பெரும்பாலும் திறந்தே இருந்தது.

1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் அக்கதவை ஒருக்களித்தது. 1959ஆம் ஆண்டுத் திருத்தம், கணவரைப் பிரிந்து நெடுங்காலம் ஊரிலேயே இருந்துவிட்ட மனைவியர்க்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வாயிலை மேலும் சுருக்கியது. விதி மாறுமுன் குடும்பத்தை அழைத்துக்கொண்டவர்கள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றிருந்தவர்களுக்கோ அந்தத் தாமதம் பிரிவாக முடியக்கூடியதாயிற்று.

இன்று நம்மவர் திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ விமானம் ஏறுகின்றனர். ஆயினும் வாயிற்காவல் நீங்கவில்லை. உம்ராவுக்குச் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் சென்றடைவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் போட்டிருத்தல் வேண்டும். கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டுமெனப் பல நாடுகள் கேட்கின்றன. இடைவழி விமான நிலையத்திலும் கவனம் தேவை. இரு தனித்தனிப் பயணச்சீட்டுகளில் செல்பவர், பெட்டியைப் பெற்று மீண்டும் ஒப்படைப்பதற்காக அந்நாட்டின் குடிநுழைவைக் கடக்க நேரலாம். அதற்கு அந்நாட்டு விசா தேவைப்படலாம். சென்ற ஆண்டு சென்று வந்தவரின் சொல் இவ்வாண்டுக்குச் சான்றாகாது. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுமுன் உரிய தூதரகத்தின் அறிவிப்பையும் விமான நிறுவனத்தின் விதியையும் நாமே படித்தறிதல் நலம்.

இவற்றைப் பார்ப்பது ஈமானின் குறைவன்று. கட்டுச்சோறு கட்டுவதைப் போன்றதே. தாள்களைச் சரிபார்த்துவிட்டுப் பயண துஆவை ஓதுவோம். காரியத்தை முடித்துத் தருபவன் அல்லாஹ்வே.