ஓம விதையும் உழைப்பாளர் உதிரமும்

பூச்சியியல் கற்றோர் உலகின் எம்மூலையில் வாழ்ந்தாலும் பூண்டுலோயா என்னும் பெயர் அவர்களுக்குப் புதியதன்று. ஏர்னஸ்ட் கிறீன் என்ற ஆங்கிலேயர் இப்பகுதித் தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில், செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் செதிற்பூச்சிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். அவற்றை வண்ணப் படங்களோடு விளக்கி, 1896 முதல் 1922 வரை ஐந்து பாகங்களாக ஒரு பெருநூல் வெளியிட்டார். பல பூச்சியினங்கள் கண்டெடுக்கப்பட்ட இடமாக அந்நூல் பூண்டுலோயாவையே குறிக்கின்றது.

கிறீனின் உழைப்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. பொறுமையும் கூர்மையும் நிறைந்த நல்ல விஞ்ஞானம் அது. ஆயினும் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. தேயிலைச் செடியின் சாற்றை உறிஞ்சிய பூச்சிக்கு வண்ணப் படம் தீட்டப்பட்ட அதே ஆண்டுகளில், அச்செடியில் கொழுந்து பறித்த பெண்ணின் குடலில் ஒட்டிக்கொண்டு அவளது உதிரத்தை உறிஞ்சிய புழுவைப் பற்றிக் கவலை கொண்டவர் யார்? எப்போது கொண்டனர்? எதற்காகக் கொண்டனர்? இக்கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால், நமது அடுக்களையில் கிடக்கும் ஒரு சிறு விதையின் வரலாற்றையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கின்றது. அவ்விதை ஓமம்.

முதலில் புழுவைப் பார்ப்போம். கொக்கிப்புழு ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் நீளமே உள்ளது. சிறுகுடற் சுவரைக் கவ்விப் பிடித்து உதிரம் குடிக்கின்றது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது சில துளிகளுக்கு மேற்படாது. ஆனால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஓராண்டு, ஈராண்டு என்று குடியிருந்தால், மரக்கறியும் மாமிசமும் அரிதாகவே காணும் உடலில் எஞ்சுவது என்ன? வெளிறிய கண், வீங்கிய கால், ஏற்றத்தில் இரண்டடி வைத்தாலே மூச்சிரைப்பு. இதனைச் சோகை என்கிறோம். பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றது. மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் நிழலும் உள்ள மண்ணில் பொரித்து, ஒரு வாரத்தை ஒட்டிய காலத்தில் தொற்றும் வல்லமையுள்ள குடம்பியாகின்றது. பின்னர் அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, உதிரத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்கின்றது. மலகூடம் இல்லாத லயம், மழையில் நனைந்த தேயிலை மலை, செருப்பறியாத கால் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் இப்புழுவுக்கு வேறு சொர்க்கம் வேண்டியதில்லை.

இது தோட்டத் தமிழனுக்கு மட்டும் வாய்த்த நோயன்று. 1838இல் மிலான் நகரில் டுபினி என்ற வைத்தியர் இறந்த குடியானவப் பெண்ணொருத்தியின் குடலில் இதனைக் கண்டார். அல்ப்ஸ் மலையைக் குடைந்து செயின்ற் கொதார்ட் புகையிரதச் சுரங்கம் அமைத்த இத்தாலியத் தொழிலாளர், 1880ஆம் ஆண்டளவில் கூட்டங்கூட்டமாகச் சோகையுற்று வீழ்ந்தனர். காரணம் இதே புழுதான். இருளில் மலை குடைந்தவனையும் மலைச்சரிவில் கொழுந்து பறித்தவளையும் ஒரே புழு தின்றது. இருவருக்கும் பொதுவாக இருந்தது, உழைக்கும் இடத்தில் மலங்கழிக்கத் தக்க ஓரிடம் இல்லாமையே. 1902இல் அமெரிக்காவில் ஸ்ரைல்ஸ் என்ற விஞ்ஞானி தென்மாநில ஏழைகளிடம் இந்நோயை எடுத்துக் காட்டியபோது, பத்திரிகைகள் அதற்குச் சூட்டிய பெயர் 'சோம்பல் கிருமி'. உதிரம் இழந்தவனுக்குச் சோம்பேறிப் பட்டம்! நமது மலைகளிலும் அப்பட்டத்தைச் சுமந்தவர் எத்தனை பேர்!

இனி மருந்துக்கு வருவோம். குழந்தைக்கு வயிறு உப்பினால், லயத்துக் காம்பராவில் இருக்கும் பாட்டி ஓமத்தை இடித்து வெந்நீரில் இட்டு வடித்துக் கொடுப்பாள். அந்தக் காரத்துக்கும் மணத்துக்கும் காரணமானது தைமோல் என்னும் இரசாயனப் பொருள். விதையை வடித்தெடுத்த எண்ணெயில் ஏறக்குறைய பாதியளவு இப்பொருளே. நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு எனப்படுவதும் இதுவே. ஐரோப்பாவில் 1719இல் நொய்மான் என்ற ஜேர்மானியர் தைம் என்னும் மணச்செடியின் எண்ணெயிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். தைமோல் என்ற பெயர் அச்செடியால் வந்தது.

தைமோலின் ஒரு மூலக்கூற்றில் 10 காபன் அணுக்களும் 14 ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன. நிறமற்ற பளிங்கான இது 50 பாகை சென்றிகிரேட் அளவில் உருகும். நீரில் எளிதிற் கரையாது. ஒரு லீற்றர் நீரில் ஒரு கிராம் அளவே கரையும். எண்ணெயிலும் சாராயத்திலுமோ தாராளமாகக் கரையும். நீருக்குப் பகையாகவும் கொழுப்புக்கு உறவாகவும் நிற்கும் இக்குணமே இதன் ஆற்றல் முழுமைக்கும் அடிப்படை. நுண்கிருமியின் உடலைப் போர்த்தியுள்ள மென்சவ்வு கொழுப்பாலானது. தைமோல் அச்சவ்வில் நுழைந்து அதன் கட்டைக் குலைக்க, உள்ளிருப்பவை வெளியே கசிந்து கிருமி மடிகின்றது. வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் புண் கழுவும் நீர்களிலும் இது இடம்பெற்றது இதனாலேயே.

1880ஐ ஒட்டிய ஆண்டுகளில், தூரின் நகர வைத்தியர் பொற்சோலோ இதனைக் கொக்கிப்புழு நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். முதல்நாள் மாலை இலேசான உணவும் பேதியுப்பும். மறுநாள் காலை வெறும் வயிற்றில் சில மணி இடைவெளியில் பகுதி பகுதியாக, ஒரே நாளில் இரண்டு முதல் நான்கு கிராம் வரை தைமோல். பின்னர் மீண்டும் பேதியுப்பு. இதுவே முறை. அன்று சாராயம், எண்ணெய், கொழுப்பு எதையும் தொடலாகாது. நம் வீடுகளில் பேதிக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய்கூட விலக்கு. ஏனெனில், மருந்து குடலிலேயே தங்கினால்தான் புழுவைத் தாக்கும். எண்ணெயில் கரைந்து உதிரத்தில் கலந்துவிட்டால், புழுவுக்கு வைத்த நஞ்சு மனிதனுக்கு நஞ்சாகும்.

அவ்வாறு கலந்ததை நம் உடல் என்ன செய்கின்றது? இங்கே ஈரலின் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. ஈரல் தைமோலைச் சல்பேற்றோடும் குளுக்குரோனிக் அமிலத்தோடும் பிணைத்துவிடுகின்றது. அப்பிணைப்பால் நீருக்குப் பகையாயிருந்த பொருள் நீரில் கரைவதாகி, சிறுநீரோடு வெளியேறுகின்றது. 2002இல் வெளியான ஜேர்மானிய ஆய்வொன்றில், நலமுள்ளோர் மிகச் சிறிய அளவில் தைமோலை உட்கொண்டபோது, உதிரத்தில் தனித் தைமோல் தென்படவே இல்லை. சல்பேற்றோடு பிணைந்த வடிவமே காணப்பட்டது. ஆனால் கிராம் கணக்கில் உட்கொண்ட அன்றைய நோயாளருக்குத் தலைச்சுற்றலும் நாடித் தளர்ச்சியும் மயக்கமும் நேர்ந்தன, உயிரிழந்தோரும் உண்டு. நோய் முற்றி இருதயம் தளர்ந்தவருக்கு இதைக் கொடுக்கலாகாது என்று மருத்துவ நூல்கள் எச்சரித்தன. எவருக்கு மருந்து மிகத் தேவையோ அவருக்கே அது மிகுந்த ஆபத்து.

இம்மருந்தின் வாணிகம் இன்னொரு பாடம். 1914க்கு முன்னர் ஓம விதை இந்தியாவிலிருந்து கப்பலேறி ஜேர்மனிக்குச் சென்றது. அங்கே ஆலைகளில் தைமோலாகிப் புட்டிகளில் அடைபட்டு, விலை பலவாறு ஏறி, குடியேற்ற நாடுகளுக்குத் திரும்பிவந்தது. விதை நம்முடையது, நோயும் நம்முடையது, இடையில் விளைந்த இலாபம் மட்டும் நம்முடையதன்று. முதல் உலகப்போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது, விலை வானளாவியது. அதன் பின்னரே இந்தியாவில் தைமோல் வடிக்கும் முயற்சிகள் ஊக்கம் பெற்றன. நம் பாட்டிமார் எல்லாம் அறிந்திருந்தனர் என்று நாம் பெருமை பேசவும் வேண்டாம். அடுக்களை ஓமநீரில் உள்ள சிறிதளவு தைமோல் வயிற்று உப்பிசத்தைத் தணிக்கலாம், கொக்கிப்புழுவை வெல்லாது. கிராம் கணக்கில் பிரித்தெடுக்கும் தொழிலறிவு வேண்டியிருந்தது. அத்தொழிலறிவு நம்மிடம் வளராமைக்குக் காரணம் அடிமை வாழ்வு.

போர் நடந்துகொண்டிருந்த 1916இல்தான் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. அதனை நடத்தியது அமெரிக்க எண்ணெய்க் கோடீசுவரர் றொக்பெல்லரின் தருமநிதி. 1909இல் பத்து இலட்சம் டொலரோடு அமெரிக்கத் தென்மாநிலங்களில் தொடங்கிய பணி, 1913இல் உலகப் பணியாக விரிந்து, இங்கும் வந்தது. தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் புழு சுமந்தோர் எனப் பரிசோதனையில் தெரிந்தது. உலகெங்கும் அவ்வியக்கம் முதலில் ஏந்திய மருந்து தைமோல். போர்க்காலத்தில் அதன் இடத்தைக் கீனோபோடிய எண்ணெய் பிடித்தது. 1921இல் ஹோல் என்ற அமெரிக்கர் காபன் நாற்குளோரைட்டைப் புகுத்தினார். அதுவோ ஈரலையே கெடுக்க வல்லது.

இவ்வியக்கத்தால் உயிர் பிழைத்தோர் பலர். அதற்காக உழைத்த வைத்தியரையும் ஊழியரையும் நாம் நன்றியோடு நினைக்கின்றோம். ஆனால் தோட்டத்துரைமார் இதை வரவேற்றதன் காரணம் என்ன? சோகை நீங்கிய கை கூடுதலாகக் கொழுந்து பறிக்கும் என்ற கணக்கே. அக்கணக்கு மருந்தோடு நின்றுவிட்டது. வைத்தியர்கள் இன்னொன்றும் கேட்டனர்: லயந்தோறும் மலகூடம் கட்டுங்கள், இல்லையேல் புழு திரும்பவும் வரும் என்றனர். மருந்துக்கு இசைந்த தோட்ட நிர்வாகங்கள் பல, மலகூடம் என்றதும் பின்வாங்கின. செலவு ஒரு காரணம். கூலிகள் அதனைப் பயன்படுத்தமாட்டார்கள் என்பது மற்றொரு சாக்கு. விளைவு எதிர்பார்த்ததே. குடல் தூய்மையானது, மண் தூய்மையாகவில்லை. மருந்துண்டவன் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்து, அதே புழுவை மீண்டும் ஏற்றான்.

இப்பாடத்தை இயக்கத்தினரே கற்றனர். 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. மருந்தோடு மலகூடம், தூய நீர், தாய்சேய் நலம், சுகாதாரக் கல்வி எல்லாம் ஒருங்கே மக்களிடம் சென்றன. நாட்டின் பொதுச் சுகாதாரப் பணிக்கு அது வழிகாட்டியது. ஆனால் அவ்வொளி கிராமங்களில் பரவிய வேகத்தில் தோட்டங்களை எட்டவில்லை. தோட்டத்தின் சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருமளவில் நாடற்றோராக்கியபோது, மலகூடம் கேட்கும் குரலும் வாக்குச் சீட்டோடு பறிபோயிற்று.

இன்று தைமோலை எவரும் புழுவுக்குக் கொடுப்பதில்லை. மெபென்டசோல், அல்பென்டசோல் என்னும் மாத்திரைகள் வந்துவிட்டன. பட்டினியும் பேதியுப்பும் இன்றி ஒரே வேளையில் விழுங்கத்தக்கவை, பாதுகாப்பானவை. நம் பாடசாலைகளிலும் அவை வழங்கப்படுகின்றன. ஆயினும், பத்தாண்டுகள் மாத்திரை கொடுத்த பின்னரும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளிடம் மண்வழிப் புழுக்கள் நீங்கவில்லை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

மாத்திரை வழங்கிய நாளொன்றில் மாணவி ஒருத்தி நம்மை வினவினாள்: "சேர், போன வருடமும் இதைத்தானே குடித்தோம்?" அக்கேள்வியில் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கின்றது. அதற்கு விடை இரசாயன நூலில் மட்டும் கிடையாது. ஒரு பொருள் கிருமியின் சவ்வை எங்ஙனம் குலைக்கின்றது, ஈரல் அதனை எங்ஙனம் மாற்றி வெளியேற்றுகின்றது என்பதை விஞ்ஞானம் கற்பிக்கும். அப்பொருளை விழுங்கியவனின் லயத்தில் மலகூடமும் குழாய் நீரும் ஏன் இல்லை என்பதை வரலாறுதான் கற்பிக்கும். இரண்டையும் ஒரே வகுப்பறையில் கற்பிப்பது ஆசிரியராகிய நம் கடன். மாத்திரையை நாம் தவறாமல் கொடுப்போம். மலகூடத்தையும் தவறாமல் கேட்போம்.