திருமலைக் கடலில் பிறந்த குட்டி

திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் திமிங்கிலங்கள் வருவதற்கு அதுவே காரணம். 1982 இல் ஹால் வைட்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலிய ஆய்வாளர்கள் 'ரியூலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் இலங்கைக் கடலுக்கு வந்தனர். ஆழத்தில் இரைதேடும் ஸ்பேர்ம் திமிங்கிலங்களின் 'டிக் டிக்' ஒலியை நீரடி ஒலிவாங்கியில் கேட்டபடி இரவுபகலாகப் பின்தொடர்ந்தனர். 1983 இல் ஒரு குட்டி பிறப்பதையே நேரில் கண்டு பதிவுசெய்தனர். அதே ஆண்டுதான் கறுப்பு ஜூலை. 1984 உடன் ஆய்வு நின்றது.

பிறகு எங்கள் மீனவருக்கே கடல் பூட்டப்பட்டது; பாஸ், இரவுத்தடை. லிங்கநகரில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் கடற்படைப் படகுதான். திமிங்கிலத்தை முதலில் பார்த்தது 2009 இற்குப் பின், சுற்றுலாப் படகில். இப்போது கமராவோடு வருபவர்கள் பலர். குட்டியோடு தாய் எந்த மாதத்தில் வரும் என்று எங்கள் மீனவரிடம் கேட்டு எழுதிய எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.