கையால் அமுக்கிய மூச்சு

போன வாரம் மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர். ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்தவள், தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "விட்டுடலாம்னு இருக்கேன் தாத்தா" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் கோப்பு நகர்த்தியவன். என் தவறால் யாருக்காவது பென்ஷன் மூன்று மாதம் தாமதமாகியிருக்கும், உயிர் போனதில்லை. அவள் தூங்கப் போனபிறகு, இந்த வேலை உலகத்தில் எப்படி ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரெஞ்சில் அந்தப் பிரிவுக்கு 'ரெயானிமாசியோன்' என்று பெயர். புதுச்சேரியில் என்னோடு பிரெஞ்சு படித்தவர்களுக்கு நினைவிருக்கும், எங்கள் மெசியே ஒவ்வொரு சொல்லையும் லத்தீன் வரைக்கும் தோண்டச் சொல்வார். 'அனிமா' என்றால் மூச்சு, உயிர் இரண்டும்தான். மறுபடி மூச்சூட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கதை பிரான்சில் தொடங்கவில்லை, டென்மார்க்கில் தொடங்குகிறது.

1952ஆம் வருஷம் கோடையில் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியது. தொற்றுநோய்க்கென்று இருந்த பிளெக்டாம் மருத்துவமனைக்குச் சில நாட்களில் ஐம்பது பேர் வரை வந்தார்கள். பலருக்குக் கைகால் மட்டுமல்ல, தொண்டையும் மூச்சுத் தசையும் செயலிழந்தன. மருத்துவமனையில் இருந்தது ஒரே ஒரு இரும்பு நுரையீரல், மார்புக்கு மாட்டும் சிறு கருவிகள் ஆறு. அவ்வளவுதான். முதல் மூன்று வாரத்தில் இப்படிச் சுவாச உதவி கொடுத்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள்.

தலைமை மருத்துவர் லாசன். அவருக்குக் கீழே வேலை பார்த்த பியோர்னெபோ என்பவர், இப்சன் என்று ஒரு மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடலாம் என்றார். ஜன்னி கண்ட பச்சைக் குழந்தை ஒன்றுக்கு இப்சன் கையால் மூச்சுக் கொடுத்ததை அவர் பார்த்திருந்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்துக்காரருக்கு அறுவை சிகிச்சை அறையைத் தாண்டி வேலை கிடையாது. ஒரு தலைமை மருத்துவர், தன் வார்டு நோயாளிக்கு வெளியாளிடம் யோசனை கேட்பதென்றால் லேசான காரியமா? நான் பார்த்த ஆபீஸ்களில், பக்கத்து செக்ஷன் குமாஸ்தா சொன்னால் சரியான கணக்கையும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். லாசன் தயங்கினார், ஆனாலும் கூப்பிட்டார்.

இப்சன் ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தார். மற்றவர்கள் ரத்தத்தில் காரம் கூடிவிட்டது என்று எண்ணியிருந்தார்கள். அது கரியமில வாயு வெளியேறாமல் தேங்கியதன் அடையாளம், காற்று போதாமல்தான் சாகிறார்கள் என்றார் இவர். ஆகஸ்ட் 27ஆம் தேதி, சாகும் நிலையில் இருந்த விவி என்ற 12 வயதுப் பெண்ணைக் காட்டி, செய்து பாருங்கள் என்றார்கள். கழுத்தில் துளையிட்டுக் குழாயைச் செருகினார்கள். குழந்தை திமிறியது, காற்று உள்ளே போகவில்லை. இப்சன் மயக்க மருந்து கொடுத்தார். அவளுடைய சொந்த மூச்சும் நின்றது. பிறகு ரப்பர் பையை அமுக்க அமுக்க நுரையீரல் விரிந்தது. அவள் பிழைத்தாள்.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் பையை அமுக்க இயந்திரம் இல்லை. மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய 1500 பேர், முறை வைத்து, இரவும் பகலும், ஒரு கட்டிலுக்கு ஒருவராக உட்கார்ந்து கையால் அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள் வரை இருந்தார்களாம். எப்படி அமுக்குவது, முகம் எப்படி மாறினால் யாரைக் கூப்பிடுவது என்பதைக் கட்டில் பக்கத்திலேயே கற்றுக்கொண்டார்கள். இருபது வயதுப் பிள்ளைகள்! குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டிக்கொண்டே அமுக்கியிருக்கிறார்கள். சில குழந்தைகள் அவர்கள் கையிலேயே இறந்தும் போனார்கள். அந்த மாணவர்கள் வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிட்டார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

நூற்றுக்கு 87 என்றிருந்த சாவு, போகப்போக 25 அளவுக்கு இறங்கியது. 1953 டிசம்பரில் அதே நகரத்தின் இன்னொரு மருத்துவமனையில் இப்சன் தனிப் பிரிவு தொடங்கினார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று பலரும் அதைத்தான் சொல்கிறார்கள். கொள்ளைநோய் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் வந்த முதல் கட்டுரையில் ஆசிரியர் பெயர் லாசன் மட்டும்தான். கோப்பு யார் மேஜையிலிருந்து போகிறதோ அவர் கையெழுத்து. எல்லா நாட்டிலும் ஒன்றுதான். பாரிஸில் மொலாரே என்பவர் 1954இல் குளோத் பெர்னார் மருத்துவமனையில் இதேபோல் ஒரு பிரிவு தொடங்கினார்.

அரை நூற்றாண்டு கழித்து, அதே பிரான்சில், இந்த டாக்டர்களின் மனநிலை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 2007இல் வெளியானது. அரசு மருத்துவமனைகளில் 978 பேரைக் கேட்டதில், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள், நூற்றுக்கு 46 பேருக்கு மேல், மனம் வற்றிப் போயிருந்தார்கள். நோயாளிகளின் நிலை மோசமாக இருப்பதுதான் காரணம் என்று நானும் நினைத்தேன். அது இல்லையாம். இரவு டியூட்டிகளின் எண்ணிக்கை, விடுப்பு எடுத்து எத்தனை நாளாயிற்று என்பது, சக டாக்டரோடு சண்டை, இவைதான். நர்சுகளோடும் தலைமை நர்சோடும் நல்லபடியாக இருப்பவர்களுக்குப் பாதிப்பு குறைவு.

நேற்று பேத்தி போன் செய்தபோது இதையெல்லாம் சொன்னேன். டென்மார்க் கதைக்கு "உம்" கொட்டிக்கொண்டிருந்தவள், நர்ஸ் விஷயம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"எங்க ஹெட் சிஸ்டர்கிட்ட நான் பேசி மூணு வாரமாச்சு தாத்தா. ஒரு பேஷன்ட் விஷயத்துல எல்லார் முன்னாடியும் கத்திட்டேன்."

"தப்பு யார் மேல?"

"என் மேலதான்."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு அவளுக்கு டியூட்டி. திங்கட்கிழமை காலை இங்கே வருகிறாளாம். பாட்டியை இட்லிக்குச் சின்ன வெங்காய சாம்பார் வைக்கச் சொன்னாள்.