சயான் பள்ளத்தாக்கில் சைக்கிளுக்குக் கிடைத்த சாலை

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் இருக்கும் சயான், 1919இல் தேசியப் பூங்காவானது. கார்களை வரவழைப்பதே அன்றைய கொள்கை. 1930இல் மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் நீண்ட சுரங்கச் சாலையைத் திறந்ததும் அதற்காகத்தான். வந்த கார்களே பின்னர் பள்ளத்தாக்கை அடைத்தன. 2000இல் பூங்காப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவை ஓடும் பருவங்களில் தனியார் கார்களுக்குப் பள்ளத்தாக்குச் சாலை மூடப்பட்டது. ஆக, செம்மணற்பாறைகளுக்கு நடுவே சைக்கிள்காரருக்குக் கிடைத்த இந்தச் சாலை நெரிசலின் உபயம். சைக்கிள் மீது யாருக்கும் தனிப் பரிவு இருந்ததாகத் தெரியவில்லை: பேருந்து வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும், சுரங்கத்தில் மிதிக்கவே தடை. கார்க்காரரின் உரிமை பறிபோயிற்றே என்பார்கள். நடக்க முடியாத முதியவரையும் இலவசப் பேருந்து உள்ளே கொண்டுபோகிறதே! பள்ளத்தாக்கு விடுதியில் அறை எடுத்தவரின் காருக்கு இன்றும் விலக்கு உண்டு. நியாயப்படுத்தக் கடினமானது அதுதான்.