வெடிச்சத்தத்துக்கு நடுவே வந்த பங்க் ராக் ஆல்பம்: 'இன்ஃப்ளேமபிள் மெட்டீரியல்' யாரைக் கேள்வி கேட்டது?

ஒரு பக்கம் ஆயுதக் குழுக்கள், இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் ராணுவம். நடுவில் மாட்டிக்கொண்ட இளைஞர்கள் என்ன நினைத்தார்கள்? அதைச் சத்தமாகச் சொன்ன ஆல்பம்தான் 'இன்ஃப்ளேமபிள் மெட்டீரியல்'. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' என்ற பங்க் ராக் குழுவின் இந்த முதல் ஆல்பம், 1979 பிப்ரவரியில் வெளியானது.

அங்கே அப்போ என்ன பிரச்னை?

பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்டுகள். அயர்லாந்துடன் இணைய வேண்டும் என்றவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். 1960களின் இறுதியில் இது வன்முறையாக வெடித்தது. 1969இல் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. 1998 அமைதி ஒப்பந்தம் வரை சுமார் 3,500 பேர் உயிரிழந்தனர்.

யார் இவங்க?

ஆரம்பத்தில் 'ஹைவே ஸ்டார்' என்ற பெயரில், மற்றவர்களின் ராக் பாடல்களை மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்கள். சொந்த ஊரில் நடப்பதையே பாட்டாக்கலாமே என்று யோசனை சொன்னவர் பத்திரிகையாளர் கார்டன் ஒகில்வி. பாடகர் ஜேக் பர்ன்ஸுடன் சேர்ந்து அவரும் பாடல்கள் எழுதினார்.

அப்படி என்னதான் பாடினாங்க?

* சஸ்பெக்ட் டிவைஸ்: வெடிகுண்டாக இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படும் பொருளுக்கான பெயர் இது. விடுதலை வாங்கித் தருகிறோம் என்பவர்களையும், பாதுகாப்பு தருகிறோம் என்பவர்களையும் ஒரே மாதிரி நம்ப மறுக்கிறது பாட்டு.
* வேஸ்டட் லைஃப்: ஆயுதக் குழுவில் சேர முடியாது என்று ஓர் இளைஞன் முகத்துக்கு நேராகச் சொல்வது.
* ஆல்டர்நேட்டிவ் அல்ஸ்டர்: புலம்பிக்கொண்டு உட்காராமல், வேறு மாதிரியான ஊரை நீங்களே உருவாக்குங்கள் என்கிறது.
* ஜானி வாஸ்: குண்டடிபட்டு இறந்த மகனுக்காக அழும் தாயைப் பற்றிய பாப் மார்லியின் பாடல். ஜமைக்காவில் பிறந்த பாட்டை பெல்ஃபாஸ்ட் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

விமர்சனம் வரலையா?

வந்தது. ஊரின் துயரத்தை வைத்துப் பெயர் வாங்குகிறார்கள் என்று உள்ளூரிலேயே சிலர் குற்றம்சாட்டினர். அதே வடக்கு அயர்லாந்தில், டெர்ரி நகரின் 'தி அண்டர்டோன்ஸ்' குழு அரசியலை விட்டுவிட்டு பதின்வயதுக் காதலைப் பாடியது. கலவரத்தைப் பாடுவதா, கலவரம் பறித்த சாதாரண வாழ்க்கையைப் பாடுவதா என்ற கேள்விக்கு இரண்டு குழுக்களும் இரண்டு பதில்களைத் தந்தன.

ஏன் இன்னும் பேசப்படுது?

'ரஃப் டிரேட்' என்ற சிறிய, சுயாதீன நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பமே இதுதான். பெரிய நிறுவனத்தின் பின்பலம் இல்லாமலே பிரிட்டன் தரவரிசையில் 14ஆவது இடத்தைப் பிடித்தது. 'நீ எந்தப் பக்கம்?' என்று எல்லோரும் கேட்ட ஊரில், எந்தத் துப்பாக்கியின் பக்கமும் இல்லை என்று சொன்னதுதான் இந்த ஆல்பத்தின் அரசியல்.