எட்டுக் காலில் நடக்கும் முசுறு: ஒரு பழைய வாக்கியத்தின் மீது ஒரு திருத்தம்

முசுறு எறும்பின் உருவில் வாழும் குதிக்கும் சிலந்தியைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: இச்சிலந்தி தன் முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புகளைப்போல் தூக்கிப் பிடித்து, எஞ்சிய ஆறு கால்களால் எறும்பைப்போலவே நடக்கிறது. களக் கையேடுகள் இதைச் சொல்கின்றன; ஒளிப்படங்களின் கீழ் எழுதப்படும் குறிப்புகள் சொல்கின்றன; தமிழ் அறிவியல் எழுத்தும் அதை அப்படியே வாங்கி வைத்திருக்கிறது. இவ்வாக்கியத்தின் முன்பாதி சரி, பின்பாதி பெரும்பாலும் தவறு என்பது இக்கட்டுரையின் முதல் வாதம். அத்தவறு நேர்ந்த விதத்தைக் கவனித்தால் சிலந்தியின் வேடம் எங்கே இருக்கிறது என்பது தெரியும் என்பது இரண்டாவது வாதம். முதலாவதைத் தயக்கத்தோடும், இரண்டாவதை அதைவிடக் குறைந்த தயக்கத்தோடும் முன்வைக்கிறேன்.

எடுத்துக்கொண்ட இனம் மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ். இலங்கை மாதிரிகளைக் கொண்டு 1869-இல் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் விவரித்தது. நெடுங்காலம் மிர்மராக்னி பேரினத்தில் இருந்து, 2016-இல் புருஷின்ஸ்கி செய்த பிரிப்பில் தனிப் பேரினத்துக்குப் போனது. அது ஒத்திருக்கும் எறும்பு ஈகோஃபில்லா ஸ்மராக்டினா. சங்க நூல்களில் முயிறு; இன்று முசுறு, முசுட்டெறும்பு, செவ்வெறும்பு என்று ஊருக்கொரு பெயர். மல்கோவாவுக்கும் இமாம் பசந்துக்கும் பேர்போன சேலத்தில் இவ்வெறும்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மாமரத்தில் ஏறியவர் எவரிடமும் அது தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும்.

கண்டதும் முடிவு செய்ததும்

சர்ச்சைக்குரிய வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பார்க்க வேண்டும். முன்கால்கள் உயர்கின்றன என்பது கண்ட செய்தி. நடை ஆறு காலில் நிகழ்கிறது என்பது அக்காட்சியிலிருந்து எடுத்த முடிவு. எறும்புக்கு ஆறு கால், இரண்டு உணர்கொம்பு. சிலந்திக்கு எட்டுக் கால், உணர்கொம்பு இல்லை. எட்டில் இரண்டைக் கழித்தால் கணக்கு அழகாகச் சரியாகிவிடுகிறது. இந்த அழகுதான் முடிவைச் சான்றாக மாற்றிவிட்டது என்று நினைக்கிறேன். கணக்கு சரியாக வருகிற இடத்தில் மறுபடி எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இனத்தைப் பெயரிட்டவரின் கவனம் நடையில் இருக்கவில்லை என்பதைப் பெயரே காட்டுகிறது. பிளாட்டலியா என்பது கரண்டிவாயன் பறவையின் பேரினப் பெயர். முன்னோக்கி நீண்டு நிற்கும் ஆண் சிலந்தியின் தாடைகளைப் பார்த்தவருக்கு அப்பறவையின் அலகு நினைவுக்கு வந்திருப்பது இயல்பு. அருங்காட்சியக மாதிரி உருவத்தைச் சொல்லும். தலைமார்பில் விழுந்திருக்கும் இறுக்கத்தால் ஈருடல் சிலந்தி மூவுடல் எறும்பாவதையும், நீண்ட இடைக்காம்பையும், மெலிந்த கால்களையும் சொல்லும். நடையைச் சொல்லாது. நடை பற்றிய கூற்று உயிருள்ள சிலந்தியை வெறுங்கண்ணால் பார்த்தவர்களிடமிருந்து பின்னர் வந்து சேர்ந்தது. அவர்கள் கூர்மையற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. முட்டையிலிருந்து முதிர்ச்சிவரை பொறுமையாக வளர்த்துப் பார்த்தவர்கள் அவர்களிடையே உண்டு. அவர்களே ஏமாந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒளிப்படங்கள் இப்பிழையைத் திருத்தியிருக்க வேண்டும், உறுதிப்படுத்தவே செய்தன. ஓடிக்கொண்டிருக்கும் எட்டு மில்லிமீட்டர் உயிரியைத் தெளிவாகப் படமெடுப்பது கடினம். எடுப்பவர் அது நிற்கும் கணத்துக்காகக் காத்திருக்கிறார். நின்றதும் சிலந்தி முன்கால்களைத் தூக்குகிறது, விசை அழுத்தப்படுகிறது. கிடைத்த படம் நிற்கும் சிலந்தியின் படம். அதன்கீழ் எழுதப்படும் குறிப்போ “நடக்கிறது” என்கிறது. இப்படிச் சேர்ந்த நூறு படங்கள் நூறு சான்றுகள் ஆகமாட்டா. ஒரே தெரிவுப் பிழை நூறு முறை நிகழ்ந்திருக்கிறது என்று மட்டுமே அவற்றைக் கொண்டு சொல்லலாம்.

2017 காட்டியது

2017-இல் ஷாம்பிள் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அதிவேகக் கேமராக்களைக் கொண்டு மிர்மராக்னி ஃபார்மிகேரியா என்ற உறவினத்தைப் பதிவு செய்தது. அதில் சிலந்தி எட்டுக் கால்களாலும் நடந்தது. முன்கால் உயர்ந்தது நிற்கும்போது மட்டும். அந்த நிறுத்தமோ ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி. நடை, சிறு நிறுத்தம், கால் உயர்வு, மறுபடி நடை என்று இச்சுழற்சி அடிக்கடி வருவதால், நிறுத்தம் கண்ணில் தங்காமல் கால் உயர்ந்த தோற்றம் மட்டும் தங்கிவிடுகிறது. மேலும், வாசனைத் தடத்தை மோந்தபடி இடமும் வலமும் வளைந்து செல்லும் எறும்பின் பாதையைப்போலவே, தடம் எதுவும் இல்லாத இடத்திலும் இச்சிலந்தி வளைந்து வளைந்து சென்றது. இயங்குபடங்களைத் திரையிட்டு வேட்டையாடும் குதிக்கும் சிலந்திகளிடம் காட்டியபோது, போலியின் அசைவை அவை எறும்பின் அசைவைப்போலவே பெரும்பாலும் விட்டுவிட்டன. சாதாரணச் சிலந்தியின் அசைவின்மீது அதிகமாகப் பாய்ந்தன.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு அவ்வாய்வு சொன்னதற்கு ஓரடி தள்ளி இருக்கிறது. வேடம் உடலின் வடிவத்தில் இருப்பதாகவே நாம் பேசிவருகிறோம். வடிவம் அதன் பாதிதான். மறுபாதி கால அளவில் இருக்கிறது: எவ்வளவு நேரம் நிற்பது, எத்தனை முறை நிற்பது, எப்போது வளைவது என்பவற்றில். பார்ப்பவரின் கண் ஒரு கணத்தை அடுத்த கணத்தோடு ஒட்டவைக்கும் இடைவெளிக்குள் சிலந்தி தன் பொய்யை நுழைத்துவிடுகிறது. முந்தைய இயற்கையியலாளர்கள் ஆறு காலைக் “கண்டதும்” இங்கேதான். அந்த நேரத்தில் அவர்கள் இருந்தது வேட்டைவிலங்கின் இடத்தில். ஆகவே அவர்கள் எழுதிவைத்த பிழையை நாம் எறிந்துவிடக் கூடாது. சிலந்தியின் வேடம் வேலை செய்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய கள ஆவணம் அது. நடையைப் பற்றி அது தவறாகச் சொல்கிறது. நடையைப் பார்த்த கண்ணைப் பற்றிச் சரியாகச் சொல்கிறது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் என் வீட்டு மாமரத்தடியில் பல காலைகள் நின்றிருக்கிறேன். என் கண்ணுக்கும் அது ஆறு காலில்தான் நடந்தது. 2017 ஆய்வைப் படித்த பிறகும் ஆறு காலில்தான் நடந்தது. அறிந்துகொண்டதால் கண் திருந்திவிடவில்லை.

மாமரத்துக்கு இது பொருந்துமா?

முதல் மறுப்பு நியாயமானது. ஆராயப்பட்ட இனம் வேறு, வாழிடம் வேறு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த ஓர் இனத்தின் நடையை வைத்துச் சேலத்து மாவிலையில் ஓடும் இன்னொன்றின் நடையைத் தீர்மானிக்கலாமா? எல்லா எறும்புப்போலிகளும் ஒரே வழியைப் பின்பற்றுவதும் இல்லை. கிழக்காசியாவின் சைலர் காலிங்வுடி முன்கால்களைத் தூக்கியபடியே நடப்பதாக 2023-இல் பதிவாகியிருக்கிறது. அந்த உதாரணம் என் வாதத்தைக் குலைக்கிறது என்று சிலர் கருதலாம். நான் அதை வேறுவிதமாகப் பார்க்கிறேன். சைலருக்கு எறும்பின் உடல்வடிவம் அவ்வளவாகக் கிடையாது. பளபளக்கும் வண்ண உடல் அதற்கு. வடிவத்தில் குறைந்ததை அசைவில் ஈடுகட்ட வேண்டிய நிலை அதனுடையது. நம் முசுறுச் சிலந்திக்கு அந்த நெருக்கடி இல்லை.

முசுறுச் சிலந்தியின் நடை இன்னும் முறையாக அளக்கப்பட வேண்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சான்றுச் சுமை இப்போது இடம் மாறியிருக்கிறது. ஆறு கால் நடையை உறுதியாகச் சொல்பவர்தான் படம் காட்ட வேண்டும். அது எட்டாத காரியமும் இல்லை. நொடிக்கு 240 சட்டம் எடுக்கும் கைபேசி, பத்தில் ஒரு நொடி நிறுத்தத்தை 24 சட்டங்களாக விரித்துக் காட்டும். என்னிடம் உள்ள பதிவுகளை இங்கே சான்றாக வைக்கவில்லை. இலை நிழலும் கோணமும் முன்காலையும் இரண்டாம் காலையும் பிரித்தறிய விடவில்லை.

உடலமைப்பிலிருந்து ஒரு துணைக் காரணம் சொல்லலாம். மாமரத்தில் வாழ்வது என்றால் வழவழப்பான இலையின் மேற்புறம், அடிப்புறம், செங்குத்தான கிளை, காற்றில் ஆடும் கொத்து எல்லாவற்றிலும் ஓடுவது. அங்கே இரண்டு கால்களை நிரந்தரமாகப் பிடியிலிருந்து விடுவிப்பது விலை கூடிய வேடம். நிற்கும்போது மட்டும் தூக்குவது மலிவானது. இரண்டாலும் பார்ப்பவர் ஏமாறுவார் என்றால் இயற்கைத் தேர்வு எதை விட்டுவைக்கும் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், அதற்கு மேல் அழுத்தம் தரவில்லை.

யாருக்காக இந்த வேடம்?

பழைய வாக்கியத்தின் நிழலில் இன்னொரு பிழையும் வளர்ந்திருக்கிறது: முசுறை ஏமாற்றி அதன் கூட்டத்துக்குள் புகுந்து அதையே தின்னத்தான் இவ்வேடம் என்பது. இதற்குக் காரணம் ஒரே மரத்தில் இரண்டு சிலந்திகள் இருப்பது. அமைசியா ஃபோர்டிசெப்ஸ் என்ற நண்டுச் சிலந்தி உண்மையிலேயே முசுறைப் பிடித்துத் தின்னும். அதன் வயிற்றின் பின்முனையில் உள்ள இரு கரும்புள்ளிகள் எறும்பின் கண்களாகத் தோன்றும். அதன் தொழிலை எடுத்து முசுறுச் சிலந்தியின் தலையில் கட்டிவிட்டார்கள். முசுறுச் சிலந்தியோ எறும்புக்கு அருகிலேயே வாழ்ந்தும் எறும்பைத் தொடாமல் விலகிப் போகிறது. இலையில் பட்டுறை கட்டி அதற்குள் ஒதுங்கிக்கொள்கிறது.

முசுறை உண்மையில் ஏமாற்றுவது எப்படி என்பதற்கு ஆஸ்திரேலியாவின் காஸ்மோஃபேசிஸ் பைட்டேனியாட்டா பாடம் நடத்துகிறது. இதுவும் குதிக்கும் சிலந்திதான். முசுறின் புழுக்களைத் தின்று, அவற்றின் மேற்தோல் வேதிப்பொருள்களின் மணத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது, எறும்புகள் தடுப்பதில்லை. பார்வைக்கு அது எறும்பைப்போல் இருப்பதில்லை. கூட்டுக்குள் ஆளறியும் வேலையை முசுறு மணத்தால் செய்கிறது. அதன் காவலைக் கடக்க உருவ வேடம் பயன்படாது என்பது இதிலிருந்தே தெரிகிறது. முசுறுக்கும் ஓரளவு பார்வை உண்டே என்ற மறுப்பை இங்கே நீட்டிக்க விரும்பவில்லை. தொலைவில் அசைவதைக் கண்டு விரைவது வேறு, தன் கூட்டத்தாளா என்று தீர்ப்பது வேறு.

ஆகவே இவ்வேடத்தின் பார்வையாளர்கள் வெளியே இருக்கிறார்கள். எறும்பைக் கண்டால் ஒதுங்கும் பிற குதிக்கும் சிலந்திகள் அவர்களில் முதன்மையானவை. மிர்மராக்னி ஆண்களைப் பற்றி நெல்சனும் ஜாக்சனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எதிர்பாராத துணை. ஆணின் நீண்ட தாடை, எறும்பு எதையோ கவ்விச் செல்வதைப்போன்ற தோற்றம் தருகிறது. எறும்பை வெறுக்கும் வேட்டைவிலங்கு அப்போதும் விலகியது. எறும்பையே தின்னும் வேட்டைவிலங்குக்கோ ஆண் சிலந்தி, வாயில் சுமை இருப்பதால் எளிதில் பிடிக்கக்கூடிய எறும்பாகத் தெரிந்தது. ஆண் தன் தாடைக்காக ஓர் எதிரியைக் கொடுத்து இன்னொரு எதிரியை வாங்கியிருக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் கண்களின் சந்தையில் நடக்கிறது. எறும்பு அங்கே வெறும் சரக்கு.

கடைசி மறுப்பு குளவிகளைப் பற்றியது. பூச்சிகளின் கண் மனிதக் கண்ணைவிட வேகமானது. பத்தில் ஒரு நொடி நிறுத்தம் அதற்குத் தப்பாது என்பார்கள். சரிதான். கானாவில் குளவிக்கூடுகளின் இரையைப் பிரித்துப் பார்த்தபோது, பெரிய மண்கூட்டுக் குளவிகள் எறும்புப்போலிகளை அரிதாகவே கொண்டுவந்திருந்தன. பைசான் வகைக் குளவி ஒன்றோ அவற்றையே தேடித் தேடிச் சேர்த்திருந்தது. வேடம் எல்லாக் கண்ணுக்கும் செல்லுபடியாவதில்லை. எந்தக் கண்ணின் வேகத்துக்கு எதிராக அது இயற்றப்பட்டதோ அந்தக் கண்ணுக்கே செல்லும். என் வாதம் கேட்பதும் அவ்வளவே.

இனி நம் நூல்களில் அவ்வாக்கியம் இப்படி இருக்கலாம் என்று முன்மொழிகிறேன்: முசுறுச் சிலந்தி நிற்கும்போது முன்கால்களை உணர்கொம்புபோல் உயர்த்துகிறது, நடக்கும்போதும் அவ்வாறு உயர்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது. ஃபேர்லேண்ட்ஸிலோ நாமக்கல் பக்கத்துத் தோப்புகளிலோ அடுத்துப் படமெடுப்பவர்கள், இடமும் தேதியும் எழுதும் வரிசையில் இன்னொரு சொல்லையும் சேர்த்து எழுதட்டும்: விசையை அழுத்தியபோது சிலந்தி நின்றதா, நடந்ததா. நூறு பழைய படங்களால் தீராத வழக்கு அந்த ஒரு சொல்லோடு வரும் பத்துப் படங்களில் தீர்ந்துவிடக்கூடும். தீர்ப்பு எனக்கு எதிராக வந்தாலும்.